மாற்றுத்திறன் குழந்தைகளின் ஆசிரியருக்கு விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் போதும், "எங்க பையனோட டீச்சருக்கு விருது வாங்கித் தரணும், என்ன செய்யணும்?" என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தலைமை ஆசிரியர்களும் கேட்கிறார்கள், சில சமயம் அந்த ஆசிரியர்களே தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் எடுத்து, தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் மகளின் டீச்சருக்கு நல்லாசிரியர் விருது கிடைக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

அவர் எந்த மாதிரி வேலையில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா, அரசுப் பள்ளியா, உதவி பெறும் சிறப்புப் பள்ளியா, தொண்டு நிறுவனம் நடத்தும் பள்ளியா? எந்த விருதின் கதவு அவருக்குத் திறந்திருக்கிறது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. அவர் எவ்வளவு நன்றாகப் பாடம் எடுக்கிறார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் இது தெரியாமல் விண்ணப்பம் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் "தகுதி இல்லை" என்று பதில் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

என்னென்ன விருதுகள் இருக்கின்றன?

பெரியதிலிருந்து வருவோம். மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது 1958-ல் தொடங்கியது. செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் தருகிறார். வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 50,000 ரூபாய். முன்பெல்லாம் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள், 2018-ல் முறையை மாற்றி ஐம்பதை ஒட்டிய எண்ணிக்கைக்குக் குறைத்துவிட்டார்கள். அதே ஆண்டிலிருந்து ஆசிரியரே இணையத்தில் நேரடியாகத் தன் பெயரைப் பதிவு செய்யலாம், யாரும் பரிந்துரைக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அந்த விண்ணப்பம் மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசிய நடுவர் குழு என்று மூன்று வடிகட்டல்களைத் தாண்ட வேண்டும்.

அடுத்து தமிழ்நாடு அரசின் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது. நம் ஊரில் "நல்லாசிரியர் விருது" என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறோம். 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். தேசிய விருதைவிட எண்ணிக்கை மிக அதிகம், ஒவ்வொரு மாவட்டத்திலும் சிலருக்குக் கிடைக்கும்.

மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அதையொட்டி மாநில அரசு தரும் விருதுகளில், செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறந்த ஆசிரியர், பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறந்த ஆசிரியர் என்று தனித்தனிப் பிரிவுகளே இருக்கின்றன. தங்கப் பதக்கமும் சான்றிதழும் தருகிறார்கள். இது பள்ளிக் கல்வித் துறையின் கையில் இல்லை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கையில் இருக்கிறது. பள்ளிக்கூட வட்டாரத்தில் இந்த அறிவிப்பு சரியாகப் போய்ச் சேராமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆசிரியர் தினத்துக்கு வரும் சுற்றறிக்கை ஹெச்.எம். மேஜைக்கு வந்துவிடும், இது வராது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நீங்களே போய்க் கேட்க வேண்டும், இல்லையென்றால் மாநில அரசின் விருதுகள் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

டெல்லியிலும் டிசம்பர் 3-ஐ ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய விருதுகள் உண்டு. அதில் மறுவாழ்வுத் துறையில் பணியாற்றுவோருக்கு ஒரு பிரிவு இருக்கிறது. சிறப்புக் கல்வி படித்த ஆசிரியர்கள் அதில் வரலாம்.

ஒப்பந்தப் பணியில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர் தேசிய நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்கலாமா?

முடியாது. நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும், குறைந்தது பத்து ஆண்டு பணி வேண்டும், ஒப்பந்த ஆசிரியர்கள் தகுதி பெற மாட்டார்கள் என்று வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது.

எனக்குக் கோபம் வரும் இடம் இது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் யார்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், வட்டார வள மையத்தை மையமாக வைத்து நாலைந்து பள்ளிகளுக்கு பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் ஓடிக்கொண்டிருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். யாருக்காக இந்த விருதை நினைக்கிறோமோ அவர்களே வெளியே நிற்கிறார்கள். அதனால் இவர்களுக்கு டிசம்பர் 3 விருதுகளைத்தான் முதலில் பாருங்கள் என்று சொல்வேன். அந்த ஆண்டின் அறிவிப்பில் பணி நிபந்தனை என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு முயற்சி செய்யுங்கள்.

சாதாரண வகுப்பாசிரியர். அவர் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை படிக்கிறது, பிரமாதமாகப் பார்த்துக்கொள்கிறார். அவரைப் பரிந்துரைக்கலாமா?

தாராளமாக. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது, உள்ளடக்கிய கல்வி தர வேண்டியது பள்ளிகளின் கடமை என்கிறது. அதைத் தன் வகுப்பில் உண்மையாகச் செய்துகாட்டும் கணக்கு வாத்தியார் சிறப்புக் கல்வி படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது, தேசிய விருது இரண்டுக்கும் இவரைப் போன்றவர்கள்தான் எளிதாகத் தகுதி பெறுவார்கள். ஆனால் விண்ணப்பத்தில் "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று எழுதிவிட்டு இந்தப் பிள்ளையின் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். தேர்ச்சி விகிதம் எல்லோர் விண்ணப்பத்திலும் இருக்கும்.

பரிந்துரைக் கடிதம் எப்படி எழுதுவது? "அர்ப்பணிப்பு உணர்வோடு அயராது பாடுபடுகிறார்" என்று எழுதினால் போதுமா?

போதாது. அந்த வரியை எந்த ஊரில் எந்த ஆசிரியருக்கும் எழுதலாம், தேர்வுக் குழு அதைத் தாண்டிப் போய்விடும்.

சிறப்புக் கல்வி ஆசிரியரின் வேலையைக் காகிதத்தில் காட்டுவது கொஞ்சம் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். மற்ற ஆசிரியருக்கு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. இவருக்கு? ஒரு பிள்ளை ஜூன் மாதம் வகுப்புக்குள் ஐந்து நிமிடம் உட்காரவில்லை, மார்ச்சில் ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்தது. ஒரு பிள்ளை பாத்ரூம் போக வேண்டும் என்று படத்தைத் தொட்டுக் காட்டக் கற்றுக்கொண்டது. ஒரு பிள்ளை தானே கரண்டி பிடித்துச் சாப்பிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது என்ன என்று தெரியும். அதனால்தான் பெற்றோர் எழுதும் கடிதத்துக்கு இங்கே மதிப்பு அதிகம், நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாராலும் அதை எழுத முடியாது.

எழுதும்போது ஒரு முறையைப் பின்பற்றுங்கள். பிள்ளை வந்தபோது எப்படி இருந்தது, ஆசிரியர் என்ன செய்தார், இப்போது எப்படி இருக்கிறது. நடுவில் இருக்கும் "என்ன செய்தார்" என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் கடிதத்தின் உயிர். உதாரணமாக, பார்வையற்ற மாணவிக்கு வடிவியல் சொல்லித்தர வேண்டியிருந்தது, ஆசிரியர் அட்டையில் நூல் ஒட்டி முக்கோணமும் வட்டமும் செய்தார், வகுப்பில் மற்ற பிள்ளைகளையும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், அதற்குப் பிறகு அந்தப் பெண் கணக்குப் பாடத்துக்குப் பயப்படுவதில்லை என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு வகுப்பறை கண்ணில் தெரியும்.

எந்தக் கடிதத்திலும் வராத இன்னொரு விஷயம் ஆவண வேலை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாற்றுத்திறன் மாணவர்களுக்குச் சலுகைகள் உண்டு: சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு என்று குறைபாட்டைப் பொறுத்து மாறும். இது தானாக வந்துவிடாது. மருத்துவச் சான்றிதழ், அடையாள அட்டை, தலைமை ஆசிரியர் கையெழுத்து, கல்வி மாவட்ட அலுவலகம், தேர்வுத் துறை என்று காகிதம் நகர வேண்டும், அதுவும் தேதிக்குள் நகர வேண்டும். தேதி தவறினால் அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டு போச்சு. படிப்பறிவில்லாத பெற்றோரைக் கையோடு கூட்டிக்கொண்டு மருத்துவ முகாமுக்குப் போய், வரிசையில் நின்று, யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) வாங்கிக் கொடுத்த ஆசிரியர் எத்தனை பேர் இருக்கிறார்கள்! இதையெல்லாம் யாரும் "கற்பித்தல்" கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் சேருங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார் என்று அவரிடமே கேட்டு எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் எழுதி வைத்திருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் இருக்கும். நல்ல ஆசிரியர் அதைப் பருவத்துக்குப் பருவம் திருத்தியிருப்பார். அதில் இரண்டு மூன்றைப் பெயர் மறைத்து இணைத்தால் பத்துப் பக்கப் புகழுரையைவிட நன்றாகப் பேசும்.

"தெய்வம்", "தியாகி", "தாய்க்கு மேல்" என்றெல்லாம் எழுதலாமா?

வீட்டில் சொல்லுங்கள், மேடையில்கூடச் சொல்லுங்கள், விண்ணப்பத்தில் வேண்டாம். இவர்கள் ஒரு தொழிலைப் படித்துவிட்டு வந்தவர்கள். தெய்வம் என்று சொல்லும்போது அந்தப் படிப்பும் உழைப்பும் மறைந்துபோகிறது, தெய்வத்துக்குச் சம்பளம் எதற்கு என்று ஓர் அதிகாரி நினைக்க வசதியாகவும் ஆகிவிடுகிறது. கூடவே, "பாவப்பட்ட பிள்ளைகளைச் சகித்துக்கொண்டு" என்கிற தொனி உள்ளே வந்துவிடும். உங்கள் பிள்ளை நாளைக்கு வளர்ந்து அந்தக் கடிதத்தைப் படிக்கலாம்.

ஆர்.சி.ஐ. பதிவு எண் கேட்கிறார்களே, அது என்ன?

இந்திய மறுவாழ்வுக் குழுமம். 1992-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அமைத்தது. சிறப்புக் கல்வியில் டிப்ளமோவோ பி.எட்.டோ முடித்தவர்கள் அதன் மத்தியப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்து எண் வாங்க வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. விருது விஷயத்தில் இது ஏன் முக்கியம் என்றால், நல்ல ஆசிரியர்கள் பலர் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளின் போட்டோ, வீடியோ இணைக்கலாமா?

பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. அனுமதி இருந்தாலும் பெயர், குறைபாடு, ஊர் மூன்றையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். பிள்ளை அழும் வீடியோ, வலிப்பு வந்த வீடியோ, "முன்பு, பின்பு" என்று போடும் படங்கள் எதுவும் வேண்டாம். ஆசிரியர் செய்த கற்பித்தல் கருவிகளைப் படமெடுத்துப் போடுங்கள், அதுவே போதும்.

வேலையை நிரந்தரம் செய்யாமல் விருது மட்டும் கொடுப்பது கண்துடைப்பு இல்லையா?

பாதி நியாயம். உச்ச நீதிமன்றத்தில் ரஜ்னீஷ் குமார் பாண்டே என்பவர் பெயரில் ஒரு வழக்கு நடந்தது. 2021 அக்டோபரில் வந்த தீர்ப்பில், எத்தனை மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்பதை மத்திய அரசு அறிவிக்க வேண்டும் என்றார்கள், அதுவரைக்கும் குறைபாட்டின் வகையைப் பொறுத்து ஓர் இடைக்கால அளவும் சொன்னார்கள். 2022-ல் மத்திய அரசு, தொடக்க வகுப்புகளில் பத்து மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதத்தை அறிவித்தது. ஆனாலும் மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்கவில்லை என்று கோபப்பட்டு, 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது: பணியிடங்களை அறிவியுங்கள், நிரப்புங்கள், பல ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருக்கும் தகுதியுள்ளவர்களைக் குழு அமைத்துப் பரிசீலியுங்கள் என்று.

அதனால் விருது விழா மேடையில் சால்வை போட்டுவிட்டு இதைப் பேசாமல் இறங்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. அதற்காக விருதே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விருது வாங்கிய ஆசிரியர் ஒருவர் எழுந்து "என் கிளஸ்டரில் இத்தனை பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான்" என்று சொன்னால் செய்தித்தாளில் வரும், மற்ற நாட்களில் சொன்னால் வராது.

விருதெல்லாம் பெரிய விஷயம். பள்ளி அளவில், செலவில்லாமல் என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பாராட்டுத் தீர்மானம் போடுங்கள். அந்தக் குழுவில் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கும் இடம் உண்டு, நீங்களே முன்மொழியலாம். அந்தத் தீர்மானத்தின் நகலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம் அனுப்பி, ஒரு பிரதியை ஆசிரியரிடம் கொடுங்கள். ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அவர் விருதுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் காகிதம்தான் சான்றாக நிற்கும்.

ஆண்டு விழாவில் இவர்களை மேடையேற்றுங்கள். நிறையப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர் "வெளியிலிருந்து வருபவர்", ஆசிரியர் குழுப் புகைப்படத்தில்கூட இருக்க மாட்டார். ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ஒரு நாற்காலியும் பூட்டு போட்ட ஓர் அலமாரியும் கொடுத்தால், அதையே பெரிய மரியாதையாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கற்பித்தல் பொருட்களைப் பையில் சுமந்துகொண்டே ஊர் ஊராக அலைபவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பணம் வசூலித்து மோதிரம் போடுவது, செயின் போடுவது வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, நல்லது செய்யப் போய் அவருக்குச் சிக்கலாகிவிடும்.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிது, அதனால்தான் மதிப்பு இல்லை என்கிறார்களே?

புதிதே இல்லை. பாளையங்கோட்டையில் 1890-ல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அதே ஊரில் 1897-ல் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார், இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் இந்த இரண்டு பள்ளிகளும் தெரியாதவர்கள் குறைவு. மதிப்பு இல்லாததற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது.

மற்ற நாடுகளில் தனி விருது கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள், ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் தனி விருது இல்லை. அமெரிக்காவில் 2021-ம் ஆண்டின் தேசிய ஆசிரியராக, லாஸ் வேகாஸில் தொடக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்த ஹூலியானா உர்துபேயைத் தேர்ந்தெடுத்தார்கள். தனி வரிசையில் இல்லாமல், எல்லா ஆசிரியர்களோடும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்தது. நம் தேசிய விருதிலும் ஒப்பந்தம் என்கிற தடுப்பை எடுத்துவிட்டால் இப்படி நடக்க வாய்ப்பு உண்டு.

எங்கள் டீச்சர் விருதே வேண்டாம், கூச்சமாக இருக்கிறது என்கிறார். என்ன செய்ய?

இது அடிக்கடி நடக்கும். ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவனும் இப்படித்தான். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகம் இருவருக்கும் கௌரவப் பட்டம் தர முன்வந்தது. ஹெலன் 1931-ல் வாங்கிக்கொண்டார், ஆன் மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த ஆண்டுதான் சம்மதித்தார். 1887-லிருந்து கற்பித்துவந்தவர், 1936-ல் இறந்துவிட்டார். ஆக, ஓர் ஆண்டு விட்டுப் பிடியுங்கள். அவரைக் கேட்காமல் விண்ணப்பம் மட்டும் போட்டுவிடாதீர்கள், அவருடைய பணி விவரமும் கையெழுத்தும் இல்லாமல் எப்படியும் அது நகராது. "உங்களுக்காக இல்லை மிஸ், அடுத்து வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பணியிடம் இருக்க வேண்டுமே" என்று சொன்னால் பலர் இறங்கி வருவார்கள்.

மாற்றுத்திறனாளியாக இருக்கும் ஆசிரியரையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

அது வேறு. அரசுப் பணிகளில் அவர்களுக்கு நான்கு சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் பார்வையற்ற ஆசிரியர்கள் நிறையப் பள்ளிகளில் சாதாரண வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அவர்களை நல்ல வரலாற்று ஆசிரியர், நல்ல தமிழாசிரியர் என்றே பரிந்துரையுங்கள். டிசம்பர் 3 விருதுகளில் மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது.

ஒருமுறை விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை. மறுபடி போடலாமா?

போடலாம். பழைய கடிதத்தை அப்படியே தேதி மாற்றி அனுப்பாதீர்கள். நடுவில் ஓர் ஆண்டு போயிருக்கிறது, அந்த ஆண்டில் நடந்ததைச் சேருங்கள், வேறு ஒரு பெற்றோரிடமும் கடிதம் வாங்குங்கள், முடிந்தால் படித்து முடித்து வெளியே போன பழைய மாணவர் ஒருவரிடமும் வாங்குங்கள். அவர் பேசித்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, பிரெயிலில் எழுதினாலும் சைகை மொழியில் சொல்லி வேறொருவர் எழுதிக்கொடுத்தாலும் சரிதான், யார் எழுதிக்கொடுத்தது என்பதை மட்டும் கீழே குறிப்பிட்டுவிடுங்கள்.